கூரையில் உறங்கும் கல்நார்: அறிந்தும் தாமதித்த ஒரு நூற்றாண்டின் வரலாறு

ரமளான் பிறை தென்படுவதற்குச் சில வாரங்களுக்கு முன்னரே நம் ஊர்களில் வீடுகளும் பள்ளிவாசல்களும் புதுப்பொலிவு பெறத் தொடங்கிவிடும். சுவர்களுக்கு வெள்ளையடிப்பார்கள். ஒழுகும் கூரையைச் சரிசெய்வார்கள். ஒளூச் செய்யும் இடத்தின் மீதும், நோன்புக் கஞ்சி காய்ச்சும் கொட்டகையின் மீதும் கிடக்கும் பழைய தகடுகளைக் கழற்றிவிட்டுப் புதியவற்றைப் பொருத்துவார்கள். முஹல்லாவின் இளைஞர்கள் நன்மையை நாடி, கூலி எதிர்பாராமல் உழைப்பார்கள். உடைந்த தகடுகள் மேலிருந்து கீழே எறியப்படும். சிதறிய துண்டுகளைச் சிறுவர்கள் பொறுக்கி ஓரமாய்க் குவிப்பார்கள். எஞ்சிய சாம்பல்நிறத் தூசியைப் பெண்கள் துடைப்பத்தால் பெருக்கித் தள்ளுவார்கள்.

அந்தச் சாம்பல்நிறத் தகட்டை நாம் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் என்று அழைக்கிறோம். சிலர் சிமெண்ட் ஷீட் என்பர். அதனுள் இருக்கும் கனிமத்திற்குத் தமிழில் கல்நார் என்று பெயர். அதன் கீழ் நாம் உறங்கியிருக்கிறோம், ஓதியிருக்கிறோம், பிள்ளைகளை வளர்த்திருக்கிறோம். "இத்தனை ஆண்டுகளாக இதன் கீழ்தானே இருக்கிறோம், எங்களுக்கு என்ன ஆகிவிட்டது?" என்று பெரியவர்கள் கேட்பதில் நியாயம் இருப்பதாகத் தோன்றும். ஆனால் கல்நாரின் வரலாற்றைப் படிப்பவர்கள் இந்தக் கேள்வியைப் பல நாடுகளில், பல காலங்களில், பலருடைய வாயிலிருந்து கேட்பார்கள். அதற்கு வந்த பதிலையும் காண்பார்கள். அந்த வரலாற்றைச் சுருக்கமாக எடுத்துரைத்து, நம் வீட்டுக் கூரையின்கீழ் நாம் செய்யவேண்டியது என்ன என்பதைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தீயில் வேகாத கல்

கல்நார் என்ற சொல்லே அப்பொருளின் இயல்பைச் சொல்லிவிடுகிறது. பார்வைக்குக் கல், பிரித்தால் பஞ்சுபோன்ற நார். அதை நூலாகத் திரிக்கலாம், துணியாக நெய்யலாம். அத்துணியைத் தீயிலிட்டால் அழுக்கு எரிந்துபோகும், துணி எரியாது. ஆஸ்பெஸ்டாஸ் என்ற கிரேக்கச் சொல்லுக்கு 'அணைக்க இயலாதது' என்று பொருள்.

இஸ்லாமிய உலகின் அறிஞர்களும் இக்கல்லை நன்கு அறிந்திருந்தனர். 10-ஆம் நூற்றாண்டில் ஜெருசலேமில் பிறந்து, முஸ்லிம் நாடுகள் நெடுகப் பயணம் செய்து எழுதிய புவியியலறிஞர் அல்முகத்தஸி, பதக்‌ஷான் மலைநாட்டில் கிடைத்த 'திரிக்கல்' பற்றிக் குறிப்பிடுகிறார். அரபியில் அதற்கு ஹஜருல் ஃபதீலா என்று பெயர். அதிலிருந்து செய்த விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சி ஒளி தரும். தான் கருகிப் போகாது.

தீயில் வாழும் சலமாந்தர் என்னும் பிராணியின் உரோமத்திலிருந்தே இத்தகைய துணி நெய்யப்படுகிறது என்ற கட்டுக்கதை இடைக்கால ஐரோப்பாவில் பரவியிருந்தது. 13-ஆம் நூற்றாண்டின் வெனிஸ் பயணி மார்க்கோ போலோ அதை மறுத்தார். மத்திய ஆசியாவில் அந்தக் கனிமத்தைத் தோண்டியெடுக்கும் பணியை மேற்பார்த்த சுல்ஃபிகார் என்ற துருக்கிய நண்பர், அது மண்ணிலிருந்து கிடைக்கும் கல்தான் என்று தமக்கு விளக்கியதாக அவர் பதிவுசெய்துள்ளார்.

இவ்வாறு நெடுங்காலம் கல்நார் ஓர் அரும்பொருளாகவே இருந்தது. அரிதாகக் கிடைத்தது, சிலரே தொட்டனர். அதன் தீங்கு பெருமளவில் வெளிப்பட, அது பெருமளவில் மனிதர்களின் மூச்சுக்குள் செல்லவேண்டியிருந்தது. அதற்கு நீராவி யுகம் வரவேண்டியிருந்தது.

ஆலையிலிருந்து கூரைக்கு

19-ஆம் நூற்றாண்டில் நீராவி எந்திரங்கள் பெருகின. கொதிகலன்களையும் சூடான குழாய்களையும் போர்த்திவைக்க, வெப்பத்தைத் தாங்கும் மலிவான பொருள் ஒன்று தேவைப்பட்டது. 1870-களின் இறுதியில் கனடாவின் கியூபெக் மாநிலத்தில் பெருஞ்சுரங்கங்கள் திறக்கப்பட்டன. அங்கே ஒரு நகரத்திற்கு ஆஸ்பெஸ்டாஸ் என்றே பெயர் வைத்தார்கள். 2020-இல்தான் அந்த ஊர் மக்கள் வாக்களித்து அப்பெயரைக் களைந்தனர்.

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆஸ்திரியாவைச் சேர்ந்த லுட்விக் ஹாட்ஷெக் என்பவர், சிமெண்டோடு கல்நார் இழையைக் கலந்து மெல்லிய தகடுகள் செய்யும் முறையைக் கண்டறிந்து காப்புரிமை பெற்றார். 'என்றும் அழியாதது' என்ற பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து அதற்கு எடெர்னிட் என்று பெயர் சூட்டினார். எடை குறைவு, தீப்பிடிக்காது, துருப்பிடிக்காது, கறையான் அரிக்காது, விலையும் மலிவு. ஏழை நாடுகளின் கூரைக்கு இதைவிடப் பொருத்தமானது வேறில்லை என்றே அன்று தோன்றியது.

1930-களில் இத்தொழில் இந்தியாவுக்கு வந்தது. பின்னர்க் கோயம்புத்தூரை அடுத்த போத்தனூரிலும் ஆலை எழுந்தது. ஓலைக் கூரையின் தீவிபத்துக்கும் ஆண்டுதோறும் வேயும் செலவுக்கும் அஞ்சிய குடும்பங்களுக்கு இந்தத் தகடு ஒரு முன்னேற்றமாகவே அமைந்தது. அதை வாங்கியவர்களைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. அவர்களுக்குச் சொல்லப்படாத ஒரு செய்தி இருந்தது என்பதே வருத்தத்திற்குரியது. ஏனெனில், ஹாட்ஷெக் தம் தகட்டைச் செய்வதற்கு முன்னரே அச்செய்தி எழுத்தில் பதிவாகிவிட்டது.

முதல் எச்சரிக்கைகள்

1898-ஆம் ஆண்டு. பிரிட்டனில் பெண் தொழிற்சாலை ஆய்வாளர்கள் நியமிக்கப்படத் தொடங்கிச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. அவர்களுள் ஒருவரான லூசி டீன், கல்நார் ஆலைகளின் தூசி தொழிலாளரின் உடல்நலத்தைக் கெடுப்பதைத் தம் அறிக்கையில் சுட்டிக்காட்டினார். அத்தூசியை உருப்பெருக்கியின் கீழ் வைத்துப் பார்த்தபோது, அதன் துகள்கள் கண்ணாடிச் சில்லுகளைப்போல் கூர்மையாக இருந்தன என்பதும் பதிவாயிற்று. அரசு அந்த அறிக்கையை அச்சிட்டது; நடவடிக்கை எதுவும் எடுக்கவில்லை.

அடுத்த ஆண்டு இலண்டன் சேரிங் கிராஸ் மருத்துவமனையில் டாக்டர் மாண்டேகு மர்ரேயிடம் 33 வயது நோயாளி ஒருவர் மூச்சிரைப்போடு வந்தார். அவர் 14 ஆண்டுகள் கல்நார் ஆலையில் உழைத்தவர். தாம் பணியில் சேர்ந்தபோது அந்த அறையில் இருந்த பத்துப் பேரில் தாம் மட்டுமே உயிரோடிருப்பதாக அவர் மருத்துவரிடம் கூறினார். சிறிது காலத்தில் அவரும் இறந்தார். 1906-இல் அரசுக் குழு ஒன்றின் முன் மர்ரே இதைச் சாட்சியமாகச் சொன்னார். அப்போதும் நடவடிக்கை இல்லை.

1924-இல் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் நெல்லி கெர்ஷா என்ற பெண் தொழிலாளி 33-ஆம் வயதில் இறந்தார். கல்நாரை நூலாகத் திரிப்பது அவருடைய வேலை. நோயுற்றபோது அவர் பணிபுரிந்த நிறுவனத்திடம் உதவி கேட்டார். இப்படியொரு நோயே சட்டத்தின் பட்டியலில் இல்லை என்ற காரணத்தால் உதவி மறுக்கப்பட்டது. அவருடைய நுரையீரலைச் சோதித்த மருத்துவர் வில்லியம் குக், அதில் பழைய காசநோயின் வடுவைக் கண்டார். அந்த வடுவால் விளக்கமுடியாத அளவுக்கு நுரையீரல் எங்கும் தழும்பேறியிருந்ததையும், தழும்புகளுக்குள் கல்நார்த் துகள்கள் இருந்ததையும் கண்டார். அவர் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதிய கட்டுரைகளின் வழியே 'ஆஸ்பெஸ்டோசிஸ்' என்ற நோய்ப்பெயர் நிலைபெற்றது.

இதன்பின் அரசு உண்மையிலேயே ஆராய்ந்தது. மெரிவெதர், பிரைஸ் ஆகிய இருவரும் 363 தொழிலாளர்களைச் சோதித்து 1930-இல் அறிக்கை அளித்தனர். நான்கில் ஒருவருக்கு இந்நோய் இருந்தது. நீண்டகாலம் உழைத்தவர்களிடையே நோய் இன்னும் மிகுதியாகக் காணப்பட்டது. 1931-இல் விதிகள் இயற்றப்பட்டன: தூசியை உறிஞ்சும் கருவிகள், மருத்துவச் சோதனை, இழப்பீடு.

அவ்விதிகளில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. கல்நாரைத் திரித்து நெய்யும் ஆலைத் தொழிலாளருக்கே அவை பாதுகாப்பளித்தன. ஆலையிலிருந்து வெளிவந்த பொருளை அறுப்பவர், துளையிடுபவர், கப்பலில் பூசுபவர், கட்டடத்தில் பொருத்துபவர் ஆகியோர் அவற்றின் எல்லைக்குள் வரவில்லை. ஆலைக்குள் ஆபத்தாக இருந்த தூசி, ஆலையின் வாசலைத் தாண்டியதும் ஆபத்தற்றதாகிவிட்டதுபோல் உலகம் நடந்துகொண்டது. அதற்குப் பின்னரே உற்பத்தி பன்மடங்காகப் பெருகியது. 1977-இல் உலக உற்பத்தி ஆண்டுக்கு ஏறத்தாழ 48 இலட்சம் டன் என்ற உச்சத்தை எட்டியது.

தூசி வீட்டுக்கு வந்தது

1955-இல் ரிச்சர்ட் டால் என்ற மருத்துவ அறிஞர், கல்நார் ஆலையில் 20 ஆண்டுகளுக்கு மேல் உழைத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் வரும் அபாயம் மற்றவர்களைவிட ஏறத்தாழப் பத்து மடங்கு என்று நிறுவினார். புகைபிடித்தலுக்கும் புற்றுநோய்க்கும் உள்ள உறவை உலகுக்கு எடுத்துக்காட்டியவர்களுள் ஒருவரும் இவரே.

1960-இல் தென்னாப்பிரிக்காவிலிருந்து மற்றொரு செய்தி வந்தது. நுரையீரலைச் சுற்றியுள்ள மெல்லிய உறையில் தோன்றும் மீசோதீலியோமா என்ற அரிய புற்றுநோய், கேப் மாகாணத்தின் நீலக் கல்நார்ச் சுரங்கப் பகுதியில் 33 பேருக்கு ஏற்பட்டிருந்ததை வாக்னர் என்ற மருத்துவரும் அவருடைய தோழர்களும் வெளியிட்டனர். அவர்களுள் பலர் சுரங்கத்தில் வேலை செய்தவர்கள் அல்லர். சிறுவயதில் அப்பகுதியில் வாழ்ந்தவர்கள், அவ்வளவே.

குடும்பத்தார் அனைவரும் அறியவேண்டிய ஆய்வு 1965-இல் இலண்டனில் வெளியானது. மோலி நியூஹவுஸ், ஹில்டா தாம்ப்சன் என்ற இரு பெண்மணிகள், ஒரு மருத்துவமனையில் பதிவாகியிருந்த 76 மீசோதீலியோமா நோயாளிகளின் வாழ்க்கையை ஒவ்வொன்றாக விசாரித்தனர். 31 பேர் கல்நார்த் தொழிலில் இருந்தவர்கள். 9 பேர் அந்த வேலைக்கே போகாதவர்கள்; அவர்கள் வீட்டில் யாரோ ஒருவர் அந்த வேலையைச் செய்தார். பெரும்பாலும் அவர்கள் கணவனின் வேலையுடுப்பைத் துவைத்த மனைவியர். எஞ்சியோருள் 11 பேர் ஆலையிலிருந்து அரைமைல் தொலைவுக்குள் குடியிருந்தவர்கள்.

துவைப்பதற்கு முன் உடுப்பை உதறுவது எல்லா வீட்டிலும் நடக்கும் செயல். மாலையில் களைத்துத் திரும்பும் தந்தையைப் பிள்ளைகள் ஓடிவந்து கட்டிக்கொள்வதும் அப்படியே. அந்த அன்பின் வழியாகவே தூசி வீட்டுக்குள் நுழைந்தது. நோய் வெளிப்பட்டபோது பல பத்தாண்டுகள் கடந்திருந்தன; யாருக்கும் அந்த உடுப்பு நினைவில் இல்லை.

உடலுக்குள் நடப்பது என்ன?

கல்நார் இழை குறுக்கே முறிவதைவிட நீளவாக்கில் பிளவுபடுவதே மிகுதி. ஓர் இழை பலவாகப் பிரிந்து, கண்ணுக்குத் தெரியாத நுண்ணிழையாகிக் காற்றில் பல மணிநேரம் மிதக்கும். வாடையில்லை, அரிப்பில்லை, உடனே இருமலும் வராது. மூச்சோடு உள்ளே சென்ற இழை நுரையீரலின் ஆழத்திலுள்ள காற்றுப்பைகளை அடைகிறது. வெளிப்பொருள்களை விழுங்கி அழிக்கும் உயிரணுக்கள் அதை விழுங்க முயல்கின்றன. இழை அவற்றைவிட நீளமானது, கரையவும் கரையாது. உயிரணுக்கள் மடிகின்றன; அவ்விடத்தில் அழற்சியும் தழும்பும் தொடர்கின்றன.

இதன் விளைவுகள் மூன்று வகையாகப் பேசப்படுகின்றன. முதலாவது ஆஸ்பெஸ்டோசிஸ்: நுரையீரல் தழும்பேறி விறைத்து, மூச்சிரைப்பு ஆண்டுக்காண்டு கூடுவது. இது பெரும்பாலும் நீண்டகாலம் மிகுந்த தூசியில் உழைத்தவர்களைத் தாக்கும். இரண்டாவது நுரையீரல் புற்றுநோய்: புகைபிடிப்பவருக்கு இந்த அபாயம் பன்மடங்காகிறது. மூன்றாவது மீசோதீலியோமா: நுரையீரலின் உறையிலோ வயிற்றறையின் உறையிலோ தோன்றுவது. குறைந்த அளவு தூசிக்கு ஆளானவர்களிடமும் இது காணப்பட்டுள்ளது. குரல்வளைப் புற்றுநோய்க்கும் கருப்பைச் சூலகப் புற்றுநோய்க்கும் கல்நார் காரணமாகும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு உறுதிசெய்துள்ளது. வெள்ளை, பழுப்பு, நீலம் எனக் கல்நாரின் எல்லா வகைகளுமே புற்றுநோய் உண்டாக்குபவை என்பதும் அந்த அமைப்பின் முடிவு.

இழை உள்ளே சென்ற நாளுக்கும் நோய் தோன்றும் நாளுக்கும் இடையே 20, 30, சிலவேளை 40 ஆண்டுகளுக்கும் மேல் ஆகலாம். "எங்களுக்கு என்ன ஆகிவிட்டது?" என்ற கேள்வி ஏன் போதாது என்பதற்கு இதுவே விடை. 25 வயதில் தகடு அறுத்தவர் 30 வயதில் நலமாக இருப்பது எதையும் நிரூபிப்பதில்லை. பிரிட்டன் 1999-இல் கல்நாரை முழுமையாகத் தடைசெய்தது. அதன்பின் இருபதாண்டுகள் கடந்தும் அந்நாட்டில் மீசோதீலியோமாவால் ஆண்டுதோறும் 2000-க்கும் மேற்பட்டோர் இறந்துவந்தனர். அவை பல பத்தாண்டுகளுக்கு முன் சுவாசித்த தூசியின் கணக்கு. பணியிடத்தில் கல்நாருக்கு ஆளானதால் உலகெங்கும் ஆண்டுக்கு இரண்டு இலட்சத்திற்கும் மேற்பட்டோர் இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது.

தடைகளும் தயக்கங்களும்

1983-இல் ஐஸ்லாந்து, 2003-இன் இறுதியில் ஆஸ்திரேலியா, 2005-இல் ஐரோப்பிய ஒன்றியம், 2010-இல் துருக்கி எனத் தடைகள் வரிசையாக வந்தன. நம் உறவினர் பலர் பணிபுரியும் சவூதி அரேபியா, குவைத், கத்தார் போன்ற வளைகுடா நாடுகளும் தடைசெய்துள்ளன. ஒருகாலத்தில் உலகுக்கே ஏற்றுமதி செய்த கனடா 2018-இல் தடைவிதித்தது.

இந்தியாவின் நிலை வேறு. கல்நார்ச் சுரங்கத்திற்குப் புதிய குத்தகை வழங்குவது 1986-இலும் பழையதைப் புதுப்பிப்பது 1993-இலும் நிறுத்தப்பட்டன. ஆனால் வெளிநாட்டிலிருந்து, சிறப்பாக இரஷ்யாவிலிருந்து, வெள்ளைக் கல்நாரை இறக்குமதி செய்து தகடாக்குவது தொடர்ந்தது. உலகில் மிகுதியாக இறக்குமதி செய்யும் நாடுகளுள் இந்தியாவும் ஒன்று. 1995-இல் உச்சநீதிமன்றம் ஒரு முக்கியத் தீர்ப்பை வழங்கியது. தொழிலாளியின் உடல்நலம் வாழும் உரிமையின் ஒரு பகுதி என்றும், கல்நார்த் தொழிலாளரின் மருத்துவப் பதிவேடுகளை வேலையில் சேர்ந்ததிலிருந்து 40 ஆண்டுகள், அல்லது ஓய்வுபெற்றபின் 15 ஆண்டுகள், இவற்றில் எது பிந்தியதோ அதுவரை பாதுகாக்கவேண்டும் என்றும் அது கூறியது. நோய் தாமதித்து வரும் என்பதை அந்த 40 ஆண்டு என்ற எண்ணே ஒப்புக்கொள்கிறது. ஆயினும் பிரிட்டனின் 1931 விதிகளில் இருந்த அதே ஓட்டை இங்கும் தெரிகிறது: பதிவேடு ஆலைத் தொழிலாளிக்கு உண்டு, கூரைமீது ஏறித் தகட்டை அறுக்கும் கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் எந்தப் பதிவேடும் இல்லை.

இலங்கை 1987-இல் நீலக் கல்நாரைத் தடைசெய்தது. வெள்ளைக் கல்நாரையும் 2018 முதல் படிப்படியாகக் கட்டுப்படுத்த முடிவெடுத்தது. 2017 டிசம்பரில் இரஷ்யா, தேயிலைப் பொதியில் வண்டு காணப்பட்டதாகக் கூறி இலங்கைத் தேயிலைக்குத் தடைவிதித்தது. இலங்கை தன் கல்நார்க் கட்டுப்பாட்டைத் தள்ளிவைத்தது. தேயிலைத் தடை விரைவில் நீங்கியது. உடல்நலத்தின் கணக்கை வணிகத்தின் கணக்கு எவ்வாறு பின்னுக்குத் தள்ளுகிறது என்பதற்கு நமக்கு மிக அருகில் நடந்த சான்று இது.

எப்படி அடையாளம் காண்பது?

வெறுங்கண்ணால் பார்த்து 'இதில் கல்நார் இருக்கிறது', 'இதில் இல்லை' என்று உறுதியாகச் சொல்ல எவராலும் இயலாது. ஆய்வகத்தில் உருப்பெருக்கியின் கீழ் சோதித்தால் மட்டுமே உறுதியாகும். ஆயினும் ஐயம் கொள்வதற்கான அடையாளங்கள் உண்டு.

நம் வட்டாரத்தில் மிகுதியாகக் காணப்படுவது அலைவடிவச் சிமெண்ட் தகடு. அதன் எடையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு கல்நார் இருக்கும். சாம்பல் நிறம்; தட்டினால் உலோக ஒலி வராது; பழையதாயின் பாசி படர்ந்து சொரசொரப்பாக இருக்கும்; உடைந்த விளிம்பில் மெல்லிய வெண்ணிற நார்கள் நீட்டிக்கொண்டிருப்பதும் உண்டு. அதைப் பார்ப்பதற்காக எவரும் தகட்டை உடைக்கவேண்டாம். கல்நார் கலவாத இழைச்சிமெண்ட் தகடுகளும் தோற்றத்தில் இதைப்போலவே இருக்கும். எனவே விற்பனைச் சீட்டோ தகட்டின் மீதுள்ள குறியோ தெளிவாகச் சொல்லாதவரை, கல்நார் இருப்பதாகவே கருதி நடப்பது பாதுகாப்பானது.

கூரையைத் தவிர வேறு இடங்களும் உள்ளன. பழைய கட்டடங்களின் சிமெண்ட் மழைநீர்க் குழாய்கள், புகைபோக்கிகள், தடுப்புச் சுவராகவும் உட்கூரையாகவும் பொருத்திய தட்டைப் பலகைகள், கொதிகலன் குழாய்களைச் சுற்றிய வெண்ணிறப் பூச்சு, அடுப்புக் கதவைச் சுற்றிய கயிறு ஆகியவற்றில் இருக்கலாம். பழைய வாகனங்களின் பிரேக் ஷூ, கிளட்ச் தட்டு ஆகியவற்றிலும் உண்டு. பட்டறைகளில் அவற்றின் தூசியை வாயால் ஊதித் துடைக்கும் பழக்கம் ஆபத்தானது. நம்மில் பலர் பள்ளி ஆய்வுக்கூடத்தில் முகவையைச் சூடேற்ற வைத்த கம்பிவலையின் நடுவிலிருந்த வெண்ணிற வட்டமும் ஒருகாலத்தில் கல்நாரே. வெளிநாட்டில் வாழும் நம் குடும்பத்தார் தம் பழைய வீட்டை இடிப்பதற்கோ துளையிடுவதற்கோ முன், அங்குள்ள தகுதிபெற்ற ஆய்வாளரைக் கொண்டு சோதிப்பது நல்லது. பல நாடுகளில் அது சட்டத்தின் கட்டளையும் ஆகும்.

நாம் செய்யவேண்டியது

முதலில், அஞ்சி நடுங்கவேண்டியதில்லை. சிமெண்டுக்குள் இறுகிக் கிடக்கும் இழை, தகடு முழுமையாக இருக்கும்வரை எளிதில் வெளிவராது. நல்ல நிலையிலுள்ள கூரையின் கீழ் வாழ்வதைவிட, அதை அறியாமல் உடைப்பதே பெரிய ஆபத்து. உடனே மாற்ற வசதியில்லாத குடும்பங்கள் தம்மைத்தாமே நொந்துகொள்ள வேண்டாம். தகட்டைச் சுரண்டாமல், தேய்க்காமல், அதன்மீது வண்ணப்பூச்சு அடித்து மூடிவைக்கலாம். ஆணியடிப்பது, துளையிடுவது, கம்பித் தூரிகையால் பாசியைத் தேய்ப்பது, விசைநீரைப் பீய்ச்சிக் கழுவுவது ஆகியவற்றைத் தவிர்க்கவேண்டும்.

உடைந்து உதிரும் தகட்டை மாற்றியே ஆகவேண்டும். பழகிய ஆள்களைக் கொண்டு செய்விப்பதே முறை. முன்னதாகத் தகட்டை மெல்லிய நீர்த்தூவலால் நன்கு நனைக்கவேண்டும். நனைந்த தூசி பறக்காது. மின்னறுவையால் அறுக்கக்கூடாது. போல்ட்டுகளைக் கழற்றி, தகட்டை முழுதாகவே கயிறு கட்டிக் கீழிறக்கவேண்டும், எறியக்கூடாது. பழைய தகடு ஆளின் எடையைத் தாங்காது. அதன்மீது நேரடியாகக் கால்வைத்து விழுந்து இறந்தவர்கள் உண்டு. ஆதலால் பலகை போட்டே நடக்கவேண்டும். துணியை முகத்தில் கட்டுவது இந்த நுண்ணிழையைத் தடுக்காது. நுண்துகளைத் தடுப்பதற்கென்றே செய்யப்பட்டு, முகத்தோடு இறுக ஒட்டும் முகமூடி தேவை.

கீழே விழுந்ததை உலர்ந்த துடைப்பத்தால் பெருக்கக்கூடாது. ஈரத்துணியால் துடைத்தெடுத்து, அத்துணியையும் கழிவோடு சேர்க்கவேண்டும். துண்டுகளைத் தடித்த பிளாஸ்டிக் உறையில் இருமடியாகச் சுற்றி, உள்ளாட்சி அமைப்பிடமோ மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடமோ கேட்டு அவர்கள் சொல்லும் இடத்தில் ஒப்படைக்கவேண்டும். பாதையில் பள்ளம் நிரப்பவும், கோழிக்கூட்டுக்கு மறைப்பாகவும், பிள்ளைகள் சுவரில் கிறுக்கவும் அத்துண்டுகளைக் கொடுத்துவிடக்கூடாது. வேலை நடக்கும்போது சிறுவர்களும் கருவுற்ற பெண்களும் அப்பக்கம் இருக்கவேண்டாம். வேலை செய்தவர் வீட்டுக்குள் நுழையுமுன் உடுப்பை நனைத்துக் கழற்றி, குளித்துவிட வேண்டும். உடுப்பை உதறாமல் தனியாகத் துவைக்கவேண்டும்.

புதிதாகக் கட்டுவோருக்கு மண்ணோடு, உலோகத் தகடு, கான்கிரீட், கல்நார் கலவாத இழைச்சிமெண்ட் என மாற்றுவழிகள் உள்ளன. விலை சற்றுக் கூடலாம். 30 ஆண்டுகளுக்குப்பின் வரக்கூடிய மருத்துவச் செலவை அந்த விலையோடு சேர்த்துக் கணக்கிடவேண்டும்.

கட்டட வேலை, கப்பல் உடைக்கும் வேலை, வாகனப் பட்டறை, கல்நார் ஆலை ஆகியவற்றில் உழைத்த பெரியவர்கள் நம் வீடுகளில் இருப்பார்கள். ஆறாத இருமலோ மூச்சிரைப்போ அவர்களுக்கு இருந்தால், மருத்துவரிடம் நோயை மட்டும் சொல்லாமல் அவர்கள் செய்த வேலையையும், எந்த ஆண்டுகளில் செய்தார்கள் என்பதையும் சொல்லவேண்டும். காசநோய் என்று கருதப்படுவது வேறாகவும் இருக்கக்கூடும். புகைபிடிப்பவராயின் அதை உடனே நிறுத்துவது, அவர் தமக்கும் தம் பிள்ளைகளுக்கும் செய்யும் பேருதவியாகும்.

லூசி டீன் 1898-இல் எழுதியதை அன்றே செவிமடுத்திருந்தால், நெல்லி கெர்ஷா அந்த நூலைத் திரித்திருக்கமாட்டார். கணவனின் உடுப்பைத் துவைத்த அந்த இலண்டன் பெண்கள் முதுமை கண்டிருப்பார்கள். அவர்களுடைய காலத்தில் செய்தி எட்டவேண்டியவர்களுக்கு எட்டவில்லை. நமக்கு எட்டிவிட்டது. வருகின்ற ரமளானுக்கு முன் பள்ளிவாசலின் பழைய கூரையைக் கழற்ற நம் பிள்ளைகள் ஏணியில் கால்வைக்கும்போது, ஒரு வாளித் தண்ணீரும் தெளிப்பானும் முதலில் மேலே செல்லட்டும். தூசி அடங்கியபின் வேலை தொடங்கட்டும்.